கெட்ட நேரம் 160 மில்லி விநாடி

பேக்கிங் மெஷின் ஆபரேட்டராக வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். "எங்கள் மெஷினுக்கு முன்னால் இரண்டு மஞ்சள் கம்பங்கள் நிற்கின்றன. நடுவே கையை நீட்டினால் மெஷின் நின்றுவிடும். பவுச்சை ஒட்டும் ஜாவிலிருந்து இந்தக் கம்பங்கள் 32 சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றன. நாள் முழுக்க எட்டி எட்டி முதுகு வலிக்கிறது. பத்து சென்டிமீட்டரில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? கேட்டால் 'ரூல்ஸ் அப்படி' என்கிறார்கள்."

'ரூல்ஸ் அப்படி' என்று யாராவது சொன்னால், காரணம் அவருக்கும் தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம். இங்கே காரணம் ஒரே ஒரு பெருக்கல் கணக்கு. தூரம் = வேகம் × நேரம். பள்ளிக்கூடத்தில் ரயிலுக்குப் போட்ட அதே கணக்கை உங்கள் கைக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மெஷினைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ரோலிலிருந்து வரும் பிலிம் ஒரு குழாயைச் சுற்றி வளைந்து, நீளவாக்கில் ஒட்டப்பட்டு, கீழே இறங்குகிறது. மேலிருந்து பொருள் விழுகிறது. சூடான இரண்டு இரும்புத் தாடைகள், அதாவது ஜாக்கள், குறுக்கே வந்து கவ்வி ஒட்டுகின்றன. நடுவில் இருக்கும் கத்தி வெட்டிவிடுகிறது. நிமிடத்துக்கு 60 பவுச் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது 1 விநாடி. இழுப்பு, ஒட்டு, வெட்டு எல்லாம் அதற்குள். ஜா மூடுவதற்கு மிஞ்சுவது அதில் ஒரு சிறு துண்டு.

கை ஏன் உள்ளே போகிறது? சோம்பலாலோ அசட்டுத் துணிச்சலாலோ அல்ல. ஒட்டும் இடத்தில் தூள் சிக்கினால் பவுச் ஒழுகும். உருகிய பிலிம் ஜாவில் அப்பிக்கொண்டால் அடுத்த பத்து பவுச்சும் வீண். 'ஒரு தட்டு தட்டினால் போதும்' என்ற நிலையில் கை தானாகப் போகும். கண் ஒன்றைப் பார்த்து, மூளை உணர்ந்து, தசைக்கு ஆணை போய்ச் சேரவே சுமார் 200 மில்லி விநாடி பிடிக்கும். அதற்குள் ஜா மூடிவிடும். 'கவனமாக இருக்கவும்' என்று போர்டு எழுதித் தொங்கவிடுபவர்கள் நம் நரம்பு மண்டலத்தால் முடியாத ஒரு வேலையை நம்மிடம் கேட்கிறார்கள். ஆகவே கவனிக்கும் வேலையை நம்மைவிட வேகமான ஒன்றிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதுதான் அந்த மஞ்சள் கம்பங்கள்: லைட் கர்ட்டன்.

எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. எட்ட நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஒரு கம்பத்தில் வரிசையாக அகச்சிவப்பு எல்இடிகள், எதிர்க் கம்பத்தில் அதே எண்ணிக்கையில் உணரிகள். எல்லா விளக்குகளும் சேர்ந்து எரிவதில்லை. மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக, நொடிப்பொழுதுக்கும் குறைவாக, முறை வைத்து மின்னும். முதலாவது மின்னும்போது எதிரில் இருக்கும் முதலாவது உணரி மட்டும்தான் கண் திறந்திருக்கும். இரண்டாவதுக்கு இரண்டாவது. இதனால் பக்கத்து விளக்கின் ஒளியோ சன்னல் வழியே வரும் வெயிலோ அதை ஏமாற்ற முடியாது. முழு வரிசையையும் ஒரு சுற்று முடிக்கச் சில மில்லி விநாடிகள் ஆகும். திரை உயரமானால் விளக்குகள் கூடும், சுற்று நீளும், பதிலும் தாமதமாகும். உயரமான திரை கூடுதல் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்னொன்று. பேக்கிங் மெஷின் முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு, பிலிம் வேறு வெள்ளி போலப் பளபளக்கும். ஒளிக்கற்றை விரிந்து பரவினால், விரல் குறுக்கே இருக்கும்போதே, பக்கத்துப் பளபளப்பில் பட்டுத் தெறித்து எதிர் உணரியை அடைந்துவிடும். திரை 'யாரும் இல்லை' என்று சொல்லும், விரல் உள்ளே இருக்கும். அதனால்தான் உயர்தரத் திரைகளில் கற்றையை மிகக் குறுகலாக வைக்கிறார்கள், நேர்க்கோட்டிலிருந்து இரண்டரை டிகிரி அளவுக்கே இடம். பளபளப்பான தகடு எதையும் திரையின் ஓரத்தில் ஒட்டி வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். புதிதாக ஒரு எஃகு மூடி செய்து அழகாக மாட்டினேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு முதலில் வயிறு கலங்கும்.

ஒளி வந்தால் ஓடு, வராவிட்டால் நில் என்பதே இதன் மொழி. கை மறைத்தாலும் நில், கண்ணாடியில் தூசி படிந்தாலும் நில், ஒயர் அறுந்தாலும் நில். தன் கோளாறையும் ஆபத்தாகவே எண்ணிக்கொள்ளும். வெளியே போகும் சைகையும் ஒற்றை ஒயரில் போகாது, இரண்டில் போகும். இரண்டிலும் 24 வோல்ட் இருந்தால்தான் மெஷின் ஓடும். அந்த 24 வோல்ட்டைத் திரை தானாகவே அவ்வப்போது ஒரு கணம் பூஜ்யத்துக்கு இறக்கிப் பார்க்கும். அந்தக் கணம் மிகக் குறுகியது என்பதால் அடுத்த கட்டத்தில் மெஷினை நிறுத்தும் சுவிட்சான ரிலேவுக்கு அது தெரியவே தெரியாது. எதற்காக? அணைக்க வேண்டிய நேரம் வந்தால் உண்மையிலேயே அணைக்க முடிகிறதா என்று ஒத்திகை. ஓடிக்கொண்டே, யாருக்கும் தெரியாமல், நாள் முழுக்கச் செத்துச் செத்துப் பார்க்கிறது!

இப்போது உங்கள் 32 சென்டிமீட்டருக்கு வருவோம். கை திரையைத் தொட்ட கணத்திலிருந்து ஜா அசைவற்று நிற்கும் கணம் வரை ஆகும் மொத்த நேரம் என்ன? உதாரணத்துக்கு ஒரு மெஷின். திரை உணர 10 மில்லி விநாடி. சேஃப்டி ரிலே விழ 20. ஜாவைத் தள்ளுவது அழுத்தக் காற்று; அதன் வால்வு மாறி, காற்று வெளியேறி, ஓடிக்கொண்டிருந்த ஜா நிற்க 120. ஆக 150. இரும்பு இரும்புதான், ஆணை வந்ததும் அந்தரத்தில் உறையாது.

அந்த 150 மில்லி விநாடியில் கையும் சும்மா இருக்காது. நீளும் கையின் வேகத்தை விநாடிக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறது ஐஎஸ்ஓ 13855 என்ற பன்னாட்டுத் தரநிலை. தூரம் அரை மீட்டரைத் தாண்டுகிற இடங்களில் நடந்து வரும் ஆளின் வேகமாக 1.6 மீட்டர். 2 மீட்டரை 0.15 விநாடியால் பெருக்குங்கள்: 30 சென்டிமீட்டர். திரை அதைவிடக் கிட்டே இருக்கக் கூடாது. நீங்கள் கேட்ட பத்து சென்டிமீட்டரில் வைத்தால் கை 50 மில்லி விநாடியில் ஜாவை அடைந்துவிடும். மெஷின் நிற்க இன்னும் 100 பாக்கி. திரை ஒழுங்காக வேலை செய்திருக்கும், விரல் போயிருக்கும்.

கணக்கில் ஒரு சின்னச் சேர்க்கையும் உண்டு. கற்றைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதல்லவா? 14 மில்லிமீட்டர் திரை, அதாவது 14 மில்லிமீட்டர் தடிமனுள்ள பொருளையே தவறாமல் உணரும் திரை, விரலையே பிடித்துவிடும். 30 மில்லிமீட்டர் திரையில் விரல்கள் நழுவி உள்ளே போய், உள்ளங்கை வரும்போதுதான் அது விழித்துக்கொள்ளும். அந்த நழுவலுக்காக 14-ஐத் தாண்டும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 8 மில்லிமீட்டர் கூட்டச் சொல்கிறது தரநிலை. 30-இல் 14 போக 16, எட்டால் பெருக்கினால் 128. ஆக 30 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 43 ஆகிவிடும். மலிவான திரை வாங்கினால் இடத்தில் விலை கொடுக்க வேண்டும்.

மெஷினுக்கும் வயதாகிறது என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். வால்வுக்குள் எண்ணெய் பிசினாகி, காற்றின் வழியை மாற்றும் தண்டான ஸ்பூல் மந்தமாகிறது, பிரேக் தேய்கிறது. 150 ஆக இருந்தது ஐந்தாறு ஆண்டுகளில் 200 ஆகிவிட்டது என்று வையுங்கள். இப்போது தேவை 40 சென்டிமீட்டர். கம்பமோ வாங்கிய அன்று நட்ட 30-இலேயே நிற்கிறது. விளக்கு பச்சையாக எரிகிறது, கை நீட்டினால் மெஷினும் நிற்கிறது, எல்லாம் நன்றாகவே தெரிகிறது, நடுவில் பத்து சென்டிமீட்டர் ஓட்டை. ஒருநாள் அடிபட்டால் 'அவனுக்கு நேரம் சரியில்லை' என்பார்கள். இந்தப் பேச்சின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஆனால் இங்கே அது எழுத்துக்கு எழுத்து உண்மை. நேரம்தான் சரியில்லை, 50 மில்லி விநாடி கூடிவிட்டது. அதை அளக்கக் கையடக்கக் கருவி இருக்கிறது, பரிகாரம் ஒரு வால்வை மாற்றுவது.

லைட் கர்ட்டன் ஓடும் மெஷினுக்கு. கழற்றி மாட்டும் வேலைக்கு அதை நம்பி இறங்கக் கூடாது. பராமரிப்புப் பிரிவில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தபோது பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஜாவுக்கு நடுவே கெட்டியான பிளாஸ்டிக் துண்டு ஒன்று மாட்டிக்கொண்டது. மெயினை அணைத்தாயிற்று. நான் விரலை நீட்டப் போனேன். மூத்த ஃபிட்டர் என் மணிக்கட்டைத் தட்டிவிட்டு, "தம்பி, கரண்டுதான் போயிருக்கு, காத்து போகல" என்றார். கையிலிருந்த மரக்குச்சியால் துண்டை நெம்பினார். துண்டு தெறித்த அதே கணம் 'டப்'. குச்சி மாட்டிக்கொண்டது. பிறகு எடுத்துப் பார்த்தால், பவுச்சின் ஓரத்தில் இருக்குமே வரி வரியான பள்ளம், அதே வரிகள் மரத்தில் பதிந்திருந்தன.

விசித்திரம் ஒன்றுமில்லை. மின்சாரம் போனாலும் கடைசியாக நின்ற நிலையிலேயே நிற்கும் வகை வால்வு அது. 6 பார் அழுத்தமுள்ள காற்று பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே இருந்தது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் அந்தத் தள்ளல் சுமார் 1,180 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 120 கிலோ எடை. தண்ணீர் அல்லது எண்ணெய் என்றால் கொஞ்சம் நகர்ந்ததும் அழுத்தம் விழுந்துவிடும். காற்று சுருங்கி உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங். வழி கிடைத்ததும் முழுத் தூரமும் பாயும். தடையாக நின்ற பிளாஸ்டிக் துண்டுதான் அதுவரை பாதுகாப்புக் கட்டையாக இருந்தது. அடைப்பை எடுப்பதும் பூட்டைத் திறப்பதும் அங்கே ஒரே செயல்.

ஏர் லைனை மூடினால் போதுமா? மூடிய வால்வுக்கு இந்தப் பக்கம் சிக்கிய காற்று அப்படியே இருக்கும். மூடும்போதே உள்ளிருப்பதை வெளியே விடும் வால்வு வேண்டும், அதைப் பூட்டவும் முடிய வேண்டும். அப்போதும் ஒரு பொறி உண்டு. ஜா தானாக இறங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சில சிலிண்டர்களின் வாயிலேயே காற்றைத் திரும்ப விடாத வால்வு வைத்திருப்பார்கள். லைன் முழுக்கக் காலியாகி அளவி பூஜ்யம் காட்டும், சிலிண்டருக்குள் மட்டும் 6 பார் இருக்கும். மின்சாரத்திலும் இப்படி ஒரு மிச்சம்: மோட்டாரை இயக்கும் 400 வோல்ட் சர்வோ டிரைவின் கெபாசிட்டர்களில் ஏறத்தாழ 560 வோல்ட் தேங்கியிருக்கும், மெயினை அணைத்த பிறகும் சில நிமிடங்களுக்கு. எத்தனை நிமிடம் என்று டிரைவின் மூடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஜாவின் சூட்டைச் சொல்ல வேண்டியதே இல்லை. 150 டிகிரி இரும்பு சுவிட்சைப் பார்த்து ஆறுவதில்லை.

பூட்டு என்றதும், அவரவர் பூட்டு, அவரவர் சாவி. மூன்று பேர் இறங்கினால் மூன்று பூட்டு. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது முக்கியம். தவறான மெஷினின் சுவிட்சைப் பூட்டிவிட்டு நம்பிக்கையோடு உள்ளே போனவர்கள் உண்டு.

பாதுகாப்புக் கதவின் சுவிட்சில் காந்தத்தை ஒட்டி, கதவு மூடியிருப்பதாக அதை ஏமாற்றுவதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அப்படி ஒட்டியவரைத் திட்டுவதற்கு முன், அந்தக் கதவை ஒரு ஷிஃப்ட்டில் எத்தனை முறை திறக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். நாற்பது முறை அடைத்துக்கொள்ளும் மெஷினில் காந்தம் வராமல் என்ன செய்யும்? அடைப்பைச் சரிசெய்வது பொறியாளரின் வேலை. நடனமாடும் ரோபோவுக்குக் கிடைக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு துளியை 'தூள் ஏன் சீலில் சிக்குகிறது' என்ற கேள்விக்குக் கொடுத்தால் எத்தனை விரல்கள் மிஞ்சும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். அந்தக் கேள்விக்குக் கவர்ச்சி இல்லை, அதுதான் அதன் குறை.

வாசகரே, உங்கள் முதுகுவலி நியாயமானது. அதற்குக் கம்பத்தை நகர்த்தச் சொல்லாதீர்கள், நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மெஷின் 50 மில்லி விநாடி முன்னால் நின்றால் கம்பம் பத்து சென்டிமீட்டர் கிட்டே வரலாம்.

உங்கள் 32-ஐயும் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 320 மில்லிமீட்டரை விநாடிக்கு 2 மீட்டரால் வகுத்தால் 160 மில்லி விநாடி. கம்பத்தை நட்டவர் அந்த மெஷின் 160-க்குள் நிற்கும் என்று நம்பியிருக்கிறார். ஆனால் இது 14 மில்லிமீட்டர் திரையாக இருந்தால் மட்டுமே. 30 ஆக இருந்தால் 128-ஐக் கழிக்க வேண்டும். மிஞ்சும் 192-க்கு 96 மில்லி விநாடிதான் கிடைக்கும், காற்றில் ஓடும் ஜாவுக்கு அது ரொம்பக் குறைவு. எந்தத் திரை என்பது கம்பத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். பக்கத்திலேயே ஒரு கறுப்புக் குச்சி கொக்கியில் தொங்கும், அதன் தடிமனும் அதே எண்தான். ஷிஃப்ட் தொடங்கும்போது அதைத் திரையின் குறுக்கே மேலிருந்து கீழாக மெதுவாக இறக்க வேண்டும், வழி நெடுக விளக்கு சிவப்பாகவே இருக்க வேண்டும். அந்தக் குச்சியில் தூசி படிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.