கல் பாலத்துக்கு லாரி ஒரு பாரமா?

பழைய சாலைப் பாலத்தை இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்று பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் கேட்பது அதன் வயதை. வயதை விடுங்கள், எதனால் கட்டியது என்று கேளுங்கள்.

கல் வளைவுப் பாலம் என்றால் விஷயம் வேறு. கல்லை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். அதனால்தான் வளைவு: மேலே விழும் பாரத்தையெல்லாம் அழுத்தமாகவே மாற்றி இரண்டு கரைகளுக்கும் தள்ளிவிடும். பெரிய பாலமென்றால் கல்லும் உள்ளே நிரப்பிய மண்ணும் சேர்ந்து பல நூறு டன், சில சமயம் ஆயிரக்கணக்கான டன் இருக்கும். அதற்கு முன்னால் 40 டன் லாரி எம்மாத்திரம்! அந்தக் கனம்தான் கற்களை நழுவாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. கல் பாலத்தின் எதிரி தண்ணீர். மேலிருந்து கசிந்து சுண்ணாம்புக் கலவையைக் கரைக்கும், வெள்ளத்தில் அடித்தளத்துக்குக் கீழே மண்ணை அரிக்கும். நல்லது செய்வதாக நினைத்து இடுக்குகளில் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள், அப்புறம் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லே உதிர ஆரம்பிக்கும்.

எஃகுப் பாலம் அப்படியில்லை. அதன் சொந்த எடை குறைவு, ஆகவே ஒவ்வொரு லாரியும் உறைக்கும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிறதே, அந்தச் சோர்வுதான். லாரி தரும் தகைவு, அதாவது எஃகின் ஒவ்வொரு சதுர அளவிலும் விழும் விசை, இரு மடங்கானால் சேதம் ஏறக்குறைய எட்டு மடங்கு. அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் மீது 1928இல் கட்டிய சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15 அன்று விழுந்து 46 பேர் இறந்தார்கள். தொங்கு சங்கிலியின் ஒரு கண்ணியில், கழற்றினாலொழியத் தெரியாத இடத்தில், துருவும் இழுவிசையும் சேர்ந்து வளர்த்த ஒரு சிறு விரிசல்தான் காரணம். கண்ணிக்கு இரண்டே பட்டைகள். ஒன்று அறுந்ததும் பாரத்துக்கு வேறு வழியில்லை.

இங்கிலாந்தில் 1779இல் எழுப்பிய வார்ப்பிரும்புப் பாலத்தில் 1934இலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அதற்கு இரும்பைவிடப் பெரிய தொல்லை, இரு கரைகளும் நெருங்கி வந்ததுதான். அதனால் 1970களில் ஆற்றுப் படுகைக்கு அடியில் கான்கிரீட் முட்டு கொடுத்தார்கள். மேலே நிற்பது இன்றும் அதே இரும்பு.

லண்டன் பாலத்தின் கதை நேர்மாறானது. 1831இல் திறந்த அந்தக் கல் பாலத்தை 1968இல் 24.6 லட்சம் டாலருக்கு விற்றார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் கான்கிரீட் கூடு கட்டி, பழைய கற்களை மேலே போர்த்தி, 1971இல் திறந்தார்கள். இன்றும் கார்கள் போகின்றன, சுமப்பது கான்கிரீட். இதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.