வார்ம்ஹோல்: புழுத்துளையா, புழைவழியா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு தூணையோ நிலையையோ விலை பேசுகிறவர் முதலில் ஓரங்களைத்தான் தடவிப் பார்ப்பார். தேக்கில் வைரம் பாய்ந்த பகுதியை வண்டு அவ்வளவாக நெருங்காது. வெளுத்த விளிம்பில்தான் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளைகள் இருக்கும். தட்டினால் மாவு கொட்டும். உளுத்த மரம் என்போம். ஆங்கிலத்தில் 'வார்ம்ஹோல்' என்பதற்குப் பல நூற்றாண்டுகளாக இதுதான் பொருள்.

அச்சொல்லை, வெளியின் இரு இடங்களை இணைக்கும் குறுக்குவழிக்குப் பெயராக, இயற்பியலுக்குள் இழுத்து வந்தவர்கள் சார்லஸ் மிஸ்னரும் ஜான் வீலரும், ஆண்டு 1957. கருத்து அதைவிடப் பழையது. 1935-இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் வெளியின் இரு பரப்புகளை ஒட்டும் ஒரு 'பாலத்தை' ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்பியல் சமன்பாடுகளில் கண்டார்கள். அவர்கள் தேடியது பயண வழியை அல்ல, துகள்களுக்கு ஒரு விளக்கத்தை.

அந்தப் பாலத்தைக் கடக்க முடியாது. அது நிலையாக நிற்பதில்லை. திறந்து, விரிந்து, உடனே இறுகி அறுந்துவிடுகிறது. ஒளியே மறுபக்கம் போய்ச் சேருவதற்குள் அறுந்துவிடும் என்று 1962-இல் ராபர்ட் ஃபுல்லரும் வீலரும் காட்டினார்கள். சூரியனின் நிறை கொண்ட பாலத்துக்கு ஆயுள் சுமார் 31 மைக்ரோநொடி. 'கருந்துளைக்குள் விழுந்தால் இந்தப் பாலம் வழியே வேறு அண்டத்தில் வெளிவரலாம்' என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தாண்டித்தான் போகிறார்கள்.

ஒளியை விஞ்சும் பயணம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? செட்டிநாட்டு வீடு பல ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் பின்வாசல் திறக்கும். தெருவைச் சுற்றி ஒருவர் ஓட, இன்னொருவர் வளவையும் இரண்டாம் கட்டையும் கடந்து நிதானமாக நடந்தாலும் முந்திவிடுவார். யாரும் வேக வரம்பை மீறவில்லை, வழிதான் குறைந்தது. அப்படித்தான் இங்கும்: உள்ளே போகிறவர் தன் பக்கத்தில் செல்லும் ஒளிக்கதிரை ஒருபோதும் முந்துவதில்லை. வெளியே சுற்றிப்போன ஒளியை மட்டும் முந்துகிறார். பிராக்சிமா சென்டாரிக்கு வெளிவழியே 4.24 ஒளியாண்டு, உள்வழி சில கிலோமீட்டராகவும் இருக்கலாம். சமன்பாடு அதைத் தடுக்கவில்லை.

தடுப்பது பொருள். 1988-இல் மைக்கேல் மோரிசும் கிப் தார்னும் கடக்கத்தக்க வடிவத்துக்கான நிபந்தனைகளை வகுத்தார்கள்: தாண்டினால் திரும்ப முடியாத நிகழ்வெல்லை இருக்கக்கூடாது, உடலின் ஒரு முனையை மறுமுனையைவிட அதிகமாக இழுக்கும் ஓத விசை உடலைப் பிய்க்கக்கூடாது, பயணம் மனித ஆயுளுக்குள் முடியவேண்டும். இவற்றை எல்லாம் சமாளிக்கலாம். சிக்கல் வழியின் மிக ஒடுங்கிய இடமான கழுத்தில். குவிந்து உள்ளே நுழையும் ஒளிக்கற்றை மறுபக்கம் விரிந்து வெளியேற வேண்டும். கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி 1955-இல் தந்த சமன்பாட்டின்படி சாதாரணப் பொருளின் ஈர்ப்பு கதிர்களைக் குவிக்குமே தவிர விரிக்காது. விரிக்க எதிர்ம ஆற்றல், அதாவது சுழியத்துக்கும் குறைந்த ஆற்றல், வேண்டும். ஒரு மீட்டர் ஆரமுள்ள கழுத்துக்கு அது ஏறத்தாழ வியாழன் கோளின் நிறைக்குச் சமம், எதிர்க்குறியோடு. கழுத்தின் ஆரம் 3 கிலோமீட்டர் என்றால் அதைத் திறந்து பிடிக்கத் தேவைப்படும் இழுவிசை மிகக் கனத்த நியூட்ரான் விண்மீனின் மையத்து அழுத்தத்தை எட்டும்: சதுர மீட்டருக்கு 5×10³⁵ நியூட்டன் அளவில். நம் கையில் இருப்பதோ கசிமிர் விளைவு. ஒரு மைக்ரான் இடைவெளியில் வைத்த இரு உலோகத் தகடுகளுக்கிடையே எதிர்ம ஆற்றல் தோன்றுவதால் எழும் ஈர்ப்பு சதுர மீட்டருக்கு 0.0013 நியூட்டன்தான். எதிர்ம ஆற்றல் கற்பனை அல்ல என்பதற்கு அது சான்று. வழி திறக்கப் போதாது.

இன்னொரு தலைவலி: வழியின் இரு முனைகளான வாய்களில் ஒன்றை ஒளிவேகத்துக்கு அருகில் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தால் இரு வாய்களின் கடிகாரங்களும் பிசகும், வழி கடந்த காலத்துக்குப் போகும் காலப் பொறியாகிவிடும். இயற்கை அதற்கு இடம் கொடாது என்பது 1992-இல் ஸ்டீவன் ஹாக்கிங் முன்வைத்த ஊகம்.

இனித் தமிழ்ச் சொல். 'புழுத்துளை' சொல்லுக்குச் சொல் வைத்த பெயர். பரவலாக ஓடுகிறது, தவறென்று சொல்ல முடியாது. ஆனால் இங்கே எதுவும் எதையும் அரிக்கவில்லை, வெளிதான் அந்த வடிவில் வளைந்திருக்கிறது. கருந்துளையோடு சேர்த்துப் படிக்கையில் இரண்டும் ஒரே இனம் என்ற மயக்கமும் வரும்; கருந்துளை உள்ளே விட்டு வெளியே விடாதது, இது இருபக்கமும் திறந்தது. 'சுருங்கை' என்பது சிலப்பதிகாரத்திலேயே இருக்கும் நல்ல சொல்தான், ஆனால் நிலத்தடியில் வெட்டிய வழியைக் குறிப்பது. 'புழை' பொருத்தம்: துளை, சிறுவாயில், ஒடுங்கிய வழி என மூன்று பொருளும் அதில் உண்டு. எனவே 'காலவெளிப் புழைவழி' என்று முதலில் எழுதி, பிறகு 'புழைவழி' என்று சுருக்கலாம். அதன் உறுப்புகள் வாய், கழுத்து. ஐன்ஸ்டைனும் ரோசனும் கண்டதைப் 'பாலம்' என்றே விட்டுவிட்டு, மோரிசும் தார்னும் வகுத்ததை மட்டும் 'கடக்கத்தக்க புழைவழி' என்று எழுதினால் குழப்பம் இராது.