மரபணுச் சோதனையை அறுவை மருத்துவரே பார்த்துக்கொள்ளலாமா?

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டத்திலிருந்து மார்பில் கட்டியோடு ஒரு பெண் வந்தால், விவரமாகப் பேசப்போவது அறுவை மருத்துவர்தான். மலேசியாவில் மரபணு ஆலோசகர்கள் மிகக் குறைவு. ஆகவே பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 (கெடுதியாக மாறினால் மார்பக, சூலகப் புற்று வாய்ப்பைக் கூட்டும் இரண்டு மரபணுக்கள்) சோதனையை அறுவை மருத்துவரே தொடங்கலாம் என்பதே எங்கள் கருத்து. முடிவைப் பொறுத்து அறுவையே மாறலாம் என்பதால், வாரக்கணக்கில் ஆகும் இச்சோதனைக்கு முன்கூட்டியே இரத்தம் அனுப்புவது நல்லது.

இரத்தம் எடுப்பது எளிது. குடும்ப வரலாறு கேட்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். அம்மா, பெரியம்மா, சித்தியோடு நிறுத்திவிடுவார்கள். இந்த மரபணு மாற்றம் அப்பா வழியிலும் அதே அளவு வரும். அத்தைமார், அப்பாயி எல்லாரையும் கேட்கவேண்டும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் "வயித்துக் கட்டி" என்று சொல்லப்பட்டு இறந்த பாட்டிக்குச் சூலகப் புற்றாகவும் இருந்திருக்கலாம். தோட்டம் துண்டாடப்பட்டபின் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போன உறவுகளை ஃபோனில் விசாரிக்காமல் இது தெரியாது. மூன்று தலைமுறைக்கான தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, அடுத்த முறை வாங்கிப் பாருங்கள்.

50 வயதுக்குள் மார்பகப் புற்று, ட்ரிப்பிள் நெகட்டிவ் வகை (இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் இல்லாத மார்பகப் புற்று), எந்த வயதிலும் சூலகப் புற்று, ஆணுக்கு மார்பகப் புற்று: இவர்களுக்குச் சோதனையைப் பற்றிக் கட்டாயம் பேசவேண்டும். முடிந்தவரை நோய் வந்தவரையே முதலில் சோதியுங்கள். நோய் வந்த அம்மாவைச் சோதிக்காமல் ஆரோக்கியமான மகளுக்கு "இல்லை" என்று வந்தால், அதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

கெடுதியான மாற்றம் இருந்தால், 80 வயதுக்குள் நூறு பெண்களில் சுமார் 70 பேருக்கு மார்பகப் புற்று வரலாம். சூலகப் புற்று பிஆர்சிஏ1 என்றால் சுமார் 44 பேருக்கு, பிஆர்சிஏ2 என்றால் சுமார் 17 பேருக்கு. பிள்ளைப்பேறு முடிந்தபின் முன்னதில் 35–40 வயதிலும் பின்னதில் 40–45 வயதிலும் சூலகத்தையும் கருக்குழாயையும் எடுப்பது வழக்கம்.

சிக்கல், "பொருள் தெளிவில்லாத மாற்றம்" (கெடுதியானதா இல்லையா என்று இன்னும் தெரியாதது) என்று வரும் அறிக்கையில். அதை நம்பி மார்பையோ சூலகத்தையோ எடுக்கக்கூடாது. இவற்றில் பெரும்பாலானவை பின்னாளில் தீங்கற்றவை என்றே வகைமாற்றப்படுகின்றன. இங்கேதான் அறுவை மருத்துவர் ஒதுங்கி ஆலோசகரிடம் அனுப்பவேண்டும். குடலிலும் கருப்பையிலும் புற்று ஓடும் குடும்பம், நோயில்லாமலே சோதனை கேட்பவர் ஆகியோரும் அப்படியே.

காப்புறுதி எடுக்கும் எண்ணம் இருந்தால் சோதனைக்கு முன்பே பேசிவிடுங்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் முடிவை மறைப்பார்கள். ஆனால் உடன்பிறந்தவர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதி வாய்ப்பு உண்டு, ஆண்கள் உட்பட. 18 வயதுக்குக் கீழே சோதிக்க அவசியமில்லை. அறிக்கையின் நகலைக் கட்டாயம் கையில் கொடுங்கள்: மாற்றத்தின் துல்லியமான பெயர் தெரிந்தால் ஜொகூரிலுள்ள தங்கைக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும்.