திரும்பி வந்த மெயிலை அனுப்பியது யார்?

மதுரையில் கோயிலைச் சுற்றியுள்ள வீதி ஒன்றில் ஒரு சுங்குடிக் கடை என்று வைத்துக்கொள்வோம். இணையத்திலும் சேலை விற்கிறார்கள். ஒருநாள் காலையில் கடையின் மெயில் பெட்டியில் 'மெயிலர்-டீமன்' என்ற பெயரில், "நீங்கள் அனுப்பிய மெயில் போய்ச் சேரவில்லை" என்ற அறிக்கை ஒன்று வந்து கிடக்கிறது. இப்படித் திரும்பி வருவதைத்தான் 'பவுன்ஸ்' என்பார்கள். முகவரியின் வாலில் கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு சர்வரின் பெயர். கல்லாவில் இருப்பவர் "யாரோ ஹேக் பண்ணிட்டாங்கப்பா" என்று வெப்சைட் பார்க்கும் தம்பிக்குப் போன் போடுவார். பெரும்பாலும் ஹேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஒரு மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் உண்டு. கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பெரியப்பா, தாய்மாமன் என்று அழைப்பவர்கள் பெயர் வரிசையாக இருக்கும். கவரின் மேல் அனுப்புநராக இருப்பது தபாலில் சேர்த்த வீட்டுப் பையனின் விலாசமாக இருக்கலாம். உறவினர் வீடு மாறிப் போயிருந்தால் தபால்காரர் பத்திரிகையைப் பிரித்துப் படிக்க மாட்டார், கவரில் உள்ள விலாசத்துக்கே திருப்புவார். நாம் திரையில் பார்க்கும் 'ஃப்ரம்' பத்திரிகைக்குள் இருக்கும் பெயர். சர்வர்கள் தங்களுக்குள் 'மெயில் ஃப்ரம்' என்ற கட்டளையில் சொல்லிக்கொள்வது கவர் விலாசம். சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் முறையைச் சொல்லும் எஸ்எம்டிபி விதிமுறையை 1982-ல் ஜான் போஸ்டல் எழுதியபோதே இப்படித்தான். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கவர் விலாசத்தை, போய்ச் சேரும் இடத்துச் சர்வர் மெயிலின் தலைப்பகுதியில் (ஹெடர்) 'ரிட்டன்-பாத்' என்ற வரியில் குறித்து வைக்கும். மெயில் ஆப்கள் அதை மறைத்து வைக்கின்றன. குழப்பத்தில் பாதி அதனால்தான் என்பேன்.

சரி, அந்தத் திருப்பிய மெயிலை எழுதியது யார்? பலரும் வாடிக்கையாளரின் சர்வர் என்று நினைக்கிறார்கள். அது "இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை" என்று 550 என்ற மறுப்பு எண்ணோடு வாசலிலேயே மறுத்துவிட்டால், அறிக்கை எழுதும் வேலை நம் மெயிலைக் கொண்டுபோன சர்வருடையது. கடையின் வெப்சைட் இருக்கும் ஹோஸ்டிங் சர்வர் தனக்கு வைக்கப்பட்ட பெயரையே முகவரியில் போடும். பெயரே வைக்காமல் விட்டிருந்தால் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றுகூட வரும். அந்த முகவரிக்குப் பதில் எழுதிப் பயனில்லை. பவுன்ஸ் மெயிலின் கவர் விலாசம் வேண்டுமென்றே காலியாக, <> என்று விடப்படுகிறது. இல்லாவிட்டால் பவுன்ஸுக்கு ஒரு பவுன்ஸ், அதற்கொரு பவுன்ஸ் என்று இரண்டு சர்வர்களும் விடிய விடிய பந்தாடிக்கொண்டிருக்கும்.

ஆக, அனுப்பியவர் பெயரை விட்டுவிட்டு அறிக்கையின் உள்ளே போக வேண்டும். 'ரிப்போர்ட்டிங்-எம்டிஏ' வரி எழுதிய சர்வர் எது என்று சொல்லும். 'ஸ்டேட்டஸ்' வரியில் 5.1.1 என்றால் அப்படியொரு பெட்டியே இல்லை, 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. 5.7-ல் தொடங்கினால் பாதுகாப்பு, கொள்கைக் காரணம். முதல் எண் 4 என்றால் தற்காலிகத் தடைதான். 'ஃபைனல்-ரெசிபியன்ட்' வரியில் நாம் எழுதாத முகவரி இருக்கிறதா? பதற வேண்டாம், வாடிக்கையாளர் தன் பழைய கல்லூரி முகவரிக்கு வருவதை வேறொன்றுக்குத் திருப்பிவிட்டிருப்பார்.

நாம் அனுப்பவே இல்லாத மெயிலுக்குப் பவுன்ஸ் வந்தால் கதை வேறு. ஸ்பேம் அனுப்பியவன் கவரில் நம் விலாசத்தை எழுதிவிட்டான். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்தி, அறிக்கையோடு இணைந்து வந்த மூல மெயிலில், வழியில் ஒவ்வொரு சர்வரும் சேர்த்த 'ரிசீவ்டு' வரிகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். அடிவரிகள் போலியாக இருக்கலாம். ஆனால் நம் சர்வரின் பெயர் எங்குமே இல்லை என்றால் மெயில் நம்மிடமிருந்து கிளம்பியிருக்க வாய்ப்பில்லை. டொமைன் பெயர்களின் பொது விவரப் பதிவேடான டிஎன்எஸ்-ல் எஸ்பிஎஃப் என்ற பதிவு வைத்தால், நம் டொமைனைக் கவரில் எழுத எந்தச் சர்வர்களுக்கு உரிமை என்று உலகுக்குச் சொல்லலாம். எஸ்பிஎஃப் கவரை மட்டுமே பார்க்கும். கண்ணுக்குத் தெரியும் 'ஃப்ரம்' அதோடு பொருந்துகிறதா என்று கேட்பது டிமார்க் என்ற இன்னொரு பதிவு.

உண்மையில் கவலைப்பட வேண்டியது பவுன்ஸ் வராத கடைகள். வெப்சைட்டின் பிஎச்பி நிரலில் 'ஃப்ரம்' மட்டும் எழுதிவிட்டு விட்டால், பல சர்வர்களில் கவர் விலாசம் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' போன்ற உள் பயனரின் பெயரில் போகும். வாடிக்கையாளர் ஜிமெயிலைத் தப்பாகத் தட்டியிருந்தால் பில் போகாது, போகவில்லை என்ற தகவலும் யாரும் திறக்காத பெட்டியில் குவியும். நிரலில் கவர் விலாசத்தைத் தனியே கொடுக்கச் சொல்லுங்கள். தம்பிக்கு 'மைனஸ் எஃப்' என்றால் புரியும். பிறகு வெப்சைட்டிலிருந்து, இருக்கவே முடியாத ஒரு நீளமான முகவரிக்கு ஒரு பில் அனுப்பி, பவுன்ஸ் எந்தப் பெட்டியில் வந்து விழுகிறது என்று பாருங்கள்.