நரம்பு ஊசி அல்ல, நாள ஊசி

"இம்மருந்து நரம்பு வழியாக மட்டுமே செலுத்தப்பட வேண்டும். வேறு வழிகளில் செலுத்தினால் மரணம் நேரிடலாம்."

வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் ஊசிமருந்து பற்றிய விளக்கத்தாள் ஒன்றில் இப்படி இருக்கிறது. யார் அச்சடித்தது, யார் மொழிபெயர்த்தது என்ற கதை வேண்டாம். இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளையில் ஒரு வீட்டில், கிளினிக் கொப்பிக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார்கள். அதே 'நரம்பு வழி'யை அதற்கு முன்னும் பின்னும் வேறு தாள்களில் கண்டிருக்கிறேன். ஒன்றில் 'நரம்பூசி', இன்னொன்றில் 'நரம்பினூடான உட்செலுத்துகை'. வேறு மருந்தென்றால் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பேன். இந்த மருந்துக்கு அப்படிப் போக மனம் வரவில்லை.

மூலச்சொல் 'இன்ட்ராவீனஸ்'. இலத்தீனில் 'இன்ட்ரா' என்றால் உள்ளே. 'வீனா' என்றால் உடம்பின் இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். ஆக, அந்தக் குழாய்க்குள் மருந்தை விடுவது. சொற்பிறப்பு அவ்வளவுதான், அதில் சிக்கல் ஒன்றும் இல்லை.

வில்லங்கம் நரம்பில்தான் இருக்கிறது. அதற்கு முதல் மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்களில் கோயில் வீதியோரமும் கிணற்றடியிலும் தானாகவே முளைத்துக் கிடக்கும் பட்டிப்பூவிலிருந்துதான் வின்கிறிஸ்டின் வருகிறது. தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்பார்கள். செடியின் சொந்த ஊர் மடகஸ்கார். ஜமேய்க்காவில் நீரிழிவுக்கு இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் நோபிள், பியர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1950களில் அதைச் சோதித்தார்கள். சீனி குறையவில்லை, எலிகளின் வெண்குருதிக் கலங்கள் குறைந்தன. அதிலிருந்து வின்பிளாஸ்டின் பிறந்தது. அதன் தம்பியான வின்கிறிஸ்டினை அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தார் பிரித்தெடுத்தார்கள். 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு கிராம் மருந்துக்கே பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால் நாலு இலையை அவித்துக் குடித்தால் புற்றுநோய் மாறும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மருந்தாகும் அளவு அதில் கிடையாது, நஞ்சு மட்டும் உண்டு.

உடம்பின் கலம் (செல்) இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்ணிய குழாய்கள் கட்டப்பட்டு நிறமூர்த்தங்களை (குரோமோசோம்களை) இரு பக்கமும் இழுக்கும். வின்கிறிஸ்டின் அந்தக் குழாய்களைக் கட்டவிடாது. பிரிய முடியாத கலம் சாகும். பிள்ளைகளுக்கு வரும் குருதிப் புற்றுநோய்க்கும், ஹொட்ஜ்கின் உட்பட நிணநீர்ப் புற்றுநோய்களுக்கும், சிறுபிள்ளைகளின் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டிக்கும் அறுபது வருடமாக இது கைகொடுத்து வருகிறது. பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகப் போடமாட்டார்கள். ஏன் அவ்வளவு கட்டுப்பாடு? அதே நுண்குழாய்கள்தான் நரம்புக் கலத்தின் நீண்ட இழைகளுக்குள்ளும் தண்டவாளம்போல ஓடுகின்றன. மருந்து அவற்றையும் குலைக்கும். விரல்நுனி விறைக்கும், பாதம் இழுபடும், தாடை நோகும், குடலின் நரம்பு சோர்ந்து மலம் இறுகும்.

அதாவது இது நரம்பைத் தாக்கும் மருந்து. அந்த மருந்தை 'நரம்பு வழியாக மட்டுமே' செலுத்தச் சொல்கிறது தாள்.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. குருதிப் புற்றுநோய் மூளைக்குள் பரவாமலிருக்க, பிள்ளைகளுக்கு மெதோட்ரெக்சேட் என்ற வேறொரு மருந்தை முதுகில் ஊசியாகப் போடுவார்கள். முண்ணாணை, அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டைச் சூழ்ந்திருக்கும் நீருக்குள் அது போகும். அதே பிள்ளைக்கு அதே நாளில் வின்கிறிஸ்டினும் கையில் ஏற்றவேண்டி வரலாம். இரண்டு சிரிஞ்சும் ஒரே தட்டில் இருந்து, கையில் ஏற்றவேண்டியது முதுகுக்குப் போய் உயிர்கள் போயிருக்கின்றன. 2001இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் 18 வயது இளைஞர் ஒருவர் அப்படித்தான் இறந்தார். 2007இல் ஹொங்கொங்கில் ஒரு மரணம் நடந்த பின் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது: வின்கிறிஸ்டினைச் சிரிஞ்சில் எடுக்காதே, சிறிய சேலைன் பையில் கலந்து ஏற்று. பையை முதுகு ஊசியோடு யாரும் மாறாட்டம் செய்யமாட்டார்கள் என்பதுதான் காரணம். பொதியின் மேல் என்ன எழுதவேண்டும் என்று உலகமே சொல் சொல்லாக எடைபோட்ட மருந்து இது. தமிழுக்கு வரும்போது 'நரம்பு வழி' ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் உயிரியல் படித்த பிள்ளைக்கு நரம்பு என்றால் மூளையும் முண்ணாணும் அவற்றிலிருந்து கிளைப்பவையும். அந்தப் பிள்ளை வாசித்தால், எங்கே போடக்கூடாதோ அங்கேதான் போடவேண்டும் என்று பொருள் வரும்.

தமிழ்த் தாளை வாசித்துவிட்டு ஒரு தாதி ஊசி ஏற்றப் போவதில்லை, போத்தலில் இருப்பது ஆங்கிலம்தானே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். கேடு ஆஸ்பத்திரியில் நடப்பதில்லை, வீட்டில் நடக்கிறது. மருந்துக்காகத் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ போய் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்து, அடுத்த திகதி வரையும் மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ இருக்கிறவர்களுக்கு வைத்தியர் பக்கத்தில் இல்லை. அவர்களிடம் இருப்பது இந்தத் தாள்தான். கொப்பிக்குள் தாளை மடித்து வைத்திருந்த அந்தத் தாய், மகனுக்கு இரண்டு கிழமையாகக் கால்விரல் விறைக்கிறது, செருப்புக் கழன்று விழுகிறதும் தெரியவில்லை என்றார். டொக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"இதிலென்ன தம்பி சொல்லுறதுக்கு? நரம்பில ஏத்தின ஊசிதானே, நரம்பு விறைக்கத்தானே செய்யும்."

தாளைச் சரியாக வாசித்திருக்கிறார். அடுத்த ஊசியின் அளவைக் குறைக்கவேண்டுமா, நிறுத்தவேண்டுமா என்று வைத்தியர் முடிவெடுப்பதற்கு முதலில் தெரியவேண்டிய அறிகுறி அது. ஊசி குத்திய நோவு என்று அந்தத் தாய் அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டார்.

மக்கள் வாயில் உள்ள 'நரம்பு' பிழை என்று நான் சொல்லவில்லை. பழைய சொல், நல்ல சொல். புறநானூற்றின் 278ஆம் பாட்டில் "நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்தோள்" என்று ஒரு கிழவியின் தோள் வருகிறது. தோல் வற்றிப் புடைத்துத் தெரிவதை எங்கள் ஆச்சிமாரும் நரம்பென்றே சொல்லுவார்கள். யாழின் தந்தியும் நரம்புதான், இலையில் ஓடுவதும் நரம்புதான். நீளமாய், இழையாய், முறுக்காய் உள்ள எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயராக இருந்தது. "பிள்ளைக்கு நரம்பு பிடிபடேல்லை, நாலு இடத்தில குத்திப்போட்டினம்" என்று ஒருவர் சொன்னால் அதில் திருத்த ஒன்றும் இல்லை. ஆனால் நவீன மருத்துவத்தைத் தமிழில் எழுதத் தொடங்கிய பின், உணர்ச்சியையும் அசைவையும் கடத்தும் இழைக்கு மட்டும் என்று அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டோம். நரம்பியல், நரம்புத் தொகுதி, நரம்புத் தளர்ச்சி எல்லாம் அந்த ஒதுக்கீட்டில் வந்தவை. ஒதுக்கிய பின், அதே தாளில், முதல் பந்தியில் பழைய பொருளிலும் 'பக்கவிளைவுகள்' என்ற தலைப்பின் கீழ் புதிய பொருளிலும் போடுவதுதான் பிழை. அந்தத் தாளில் 'நரம்பு' ஐந்து இடத்தில் வருகிறது. இரண்டு இடத்தில் இரத்தக் குழாய், மூன்று இடத்தில் நரம்பு. வாசிக்கிறவர் எப்படிப் பிரிப்பார்?

அப்படியென்றால் 'சிரை' என்று போடலாமே என்பார்கள். இதை எழுதப்போகிறேன் என்றதும் தமிழ்நாட்டு நூல்களில் ஊறிய நண்பர் ஒருவர் அதைத்தான் சொன்னார். "சிரைவழி என்று துல்லியமான சொல் இருக்கும்போது ஏன் அலையிறீர்?" துல்லியம்தான், மறுக்கவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் சிரை, தமனி என்று இரண்டும் சோடியாய் வருகின்றன. இரண்டும் வடமொழிச் சொற்கள், அதுவும் எனக்குப் பெரிய தடையல்ல. தடை காதில் இருக்கிறது. வன்னியில் ஒரு தகப்பனிடம் "உங்கட மகனுக்குச் சிரைவழியாக மருந்து" என்றால், கீமோ போட முதலே தலைமயிரைச் சிரைக்கப் போகிறார்களாக்கும் என்று நினைப்பார். போதாக்குறைக்கு இது மயிர் கொட்டவைக்கிற மருந்து. எழுத்திலும் தப்பமுடியாது: கைபேசியில் அடிக்கிற பாதிப்பேர் 'சிறைவழி' என்று அடிப்பார்கள். சிறை என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் யாருக்கும் அகராதி தேவையில்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் 'சிரை' என்று படிப்பிப்பதில்லை. படிப்பிக்காத சொல்லைச் சாகிற நோயோடு போராடுகிற ஆளுக்குக் கொடுப்பது எந்த வகைத் துல்லியம்?

எங்கள் பாடநூலில் உள்ளது நாளம். இதயத்திலிருந்து கொண்டுபோவது நாடி, திருப்பிக் கொண்டுவருவது நாளம், இடையில் மயிர்த்துளைக் குழாய். சாதாரணதரப் பரீட்சை எழுதிய யாரைக் கேட்டாலும் சொல்லுவார். நாளம் என்றால் உள்ளே துளையுள்ள தண்டு. தாமரைத் தண்டுக்கும் அந்தப் பெயர் உண்டு. குளத்தில் தாமரைத் தண்டை முறித்துப் பார்த்த ஆளுக்கு, உள்ளே துளையுள்ள குழாய் என்பதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தமிழ்நாட்டிலும் 'இரத்த நாளம்' என்று பொதுவில் வழங்குவதால் அந்தப் பக்கத்தாருக்கும் இது அந்நியம் அல்ல.

நண்பர் இங்கேதான் பிடித்துக்கொண்டார். தமிழ்நாட்டில் 'நாளமில்லாச் சுரப்பி' என்று இருக்கிறதே, அதில் நாளம் என்பது சுரப்பிநீர் போகும் குழாய் அல்லவா, உம்முடைய கணக்கில் அது இரத்தக்குழாய் இல்லாத சுரப்பி ஆகிவிடாதா என்று. ஆகும். ஆனால் நாங்கள் அதை அகஞ்சுரக்கும் சுரப்பி என்றே எழுதிப் பழகியிருக்கிறோம், மோதல் இல்லை. மோதினாலும், தைரொயிட்டைப் பற்றிய தாளில் மோதட்டும். வின்கிறிஸ்டின் தாளில் நாளத்தை நரம்பென்று யாரும் எடுக்கமாட்டார்கள். இங்கே எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். தனித்தமிழில் புதிதாக ஒன்று ஆக்கலாமே என்றும் அவர் விடவில்லை. ஆக்கலாம். ஆக்கிய சொல் முல்லைத்தீவுக்கு வந்து சேர முதல் எத்தனை பேர் சிகிச்சை முடித்துப் போய்விடுவார்கள்?

எனக்கு எரிச்சல் தருவது, சொல் இல்லாமல் இந்தப் பிழை வரவில்லை என்பதுதான். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் தமிழில் மருத்துவம் படிப்பித்து, நூல்களையும் மொழிபெயர்த்து அச்சிட்டார். பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் துறை துறையாகச் சொற்றொகுதிகள் வெளியிட்டது. எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. இப்போது தாள் எழுதுகிறவர் ஒரு பந்தியை இந்திய நிறுவனத்தின் பிரசுரத்திலிருந்து எடுக்கிறார், ஒரு பந்தியைக் கணினி மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கிறார், மிச்சத்தைத் தன் வாய்ப்பேச்சிலிருந்து நிரப்புகிறார். அதனால் ஒரே பக்கத்தில் செல், கலம், உயிரணு மூன்றும் குடித்தனம் நடத்துகின்றன. கீமோவுக்கு 'இரசாயன சிகிச்சை' என்று தலைப்பு. இரசாயனம் என்றால் இங்கே தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து. 2021இல் இரசாயன உரம் தடைப்பட்டபோது அது நஞ்சென்று ஊர் முழுக்கக் கேட்ட சொல். நோயாளிகள் எல்லாரும் 'கீமோ' என்றே கதைக்கிறார்கள். தலைப்பிலும் அதைப் போட்டால் தமிழ் செத்துவிடாது. இடம் தெரியாமல் தூய்மை பார்க்கிறவர்தான் அடுத்த வரியில் நரம்பையும் நாளத்தையும் குழப்புகிறார்.

நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

"இந்த மருந்தைக் கையிலோ நெஞ்சிலோ உள்ள இரத்தக் குழாய்க்குள், அதாவது நாளத்துக்குள் மட்டுமே ஏற்றுவார்கள். முதுகில் போடும் ஊசியாக இதை ஒருபோதும் போடக்கூடாது. போட்டால் உயிர் போகும். ஏற்றும்போது ஊசி குத்திய இடம் எரிந்தால், நொந்தால், வீங்கினால் அந்த நிமிடமே தாதியிடம் சொல்லுங்கள். மருந்து குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையை அழித்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகு கை கால் விறைத்தாலோ, பாதம் இழுபட்டாலோ, தாடை நொந்தாலோ, மலம் இறுகி வயிறு ஊதினாலோ, அது மருந்து நரம்பைத் தாக்குவதால் வருவது. ஊசி குத்தியதால் வருவதல்ல. அடுத்த ஊசிக்கு முதல் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பங்கசுக்கு ஏதாவது குளிசை குடித்தால் அதையும் சொல்லுங்கள். சில குளிசைகள் இந்த மருந்தின் வேகத்தைக் கூட்டும். காய்ச்சல் வந்தால் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். மருந்து ஏற்றி இரண்டு நாளுக்கு நோயாளியின் சிறுநீர், மலம், சத்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் தொட்டு, வேறாகத் துவையுங்கள், கர்ப்பிணிகள் தொடவேண்டாம்."

மூலத்தைவிட நீளம் கூடிவிட்டது என்று அச்சடிக்கிறவர் சொல்லுவார். அந்தத் தாளின் பின்பக்கம் முழுக்க வெறுமையாகத்தான் கிடந்தது.