நுனியில் எடை இல்லாத தூண்டில்

பாம்பன் பக்கம் கரையில் நின்று கைத்தூண்டில் போடுபவரைக் கவனித்துப் பாருங்கள். தங்கூசி என்கிற நைலான் நூலின் நுனியில் ஈயம் கட்டியிருக்கும். அதை ரெண்டு சுற்று சுற்றி விடுவார். ஈயம் பறக்கும், காலடியில் வளையமாகக் கிடக்கும் தங்கூசி அதன் பின்னாலேயே ஓடும். ராடும் ரீலும் வைத்து லூர் எறிகிற இளைஞர்கள் செய்வதும் இதே வேலைதான். இருபது, முப்பது கிராம் உலோக மீன் முன்னால் போகிறது, நூல் பின்னால் இழுபடுகிறது. எடை நுனியில் இருப்பதால்தான் இரண்டுமே தூரம் போகின்றன.

ஃப்ளை ஃபிஷிங்கில் நுனியில் எடையே கிடையாது. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிதான் ஃப்ளை. ஓடை மீனுக்கான சின்ன ஃப்ளை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதைக் கையால் எவ்வளவு வேகமாக எறிந்தாலும் ரெண்டு மூன்று அடியில் காற்று நிறுத்திவிடும். எடைக்குப் பொருந்தாத அளவுக்கு அதன் பரப்பு பெரிது. அப்படியானால் அறுபது அடிக்கு அப்பால் நிற்கும் மீனின் மூக்குக்கு முன்னால் அதை எப்படிக் கொண்டுபோய் வைக்கிறார்கள்? நூலையே எடையாக்கி, அந்த நூலை எறிகிறார்கள். ஃப்ளை அதன் நுனியில் தொற்றிக்கொண்டு போகிறது. ராடின் நீளம், லைனின் தடிமன், வீசும் விதம் எல்லாமே இந்த ஒரே மாற்றத்திலிருந்து வருபவை.

முறை மிகப் பழையது. மாசிடோனியாவில் ஓர் ஆற்றங்கரை மக்கள் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் கழுத்து இறகையும் முள்ளில் சுற்றிப் புள்ளி மீன் பிடித்ததை ஏலியன் என்ற ரோமானியர் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். குளிர்ந்த நன்னீர் ஓடைகளில், ட்ரவுட் மீனுக்காக வளர்ந்த கலை இது. ஆங்கிலேயர்கள் நீலகிரி ஓடைகளில் ட்ரவுட்டை விட்டபோது இதுவும் கூடவே மலையேறியது. ராமநாதபுரம் கடற்கரைக்கு இதை இறக்கிக் கொண்டுவந்தால் எது வேலை செய்யும், எது செய்யாது என்பது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அதற்கு முதலில் லைனைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஃப்ளை லைன் என்பது தங்கூசி அல்ல. உள்ளே பின்னல் நூல் அல்லது நைலான், மேலே பிளாஸ்டிக் பூச்சு. மிதக்க வேண்டிய லைன் என்றால் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குமிழ்களைக் கலப்பார்கள். மூழ்க வேண்டியது என்றால் டங்ஸ்டன் தூள். லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதை வைத்து எண் கொடுக்கிறார்கள். 5-ஆம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம். 8-ஆம் எண் 13.6 கிராம். 10-ஆம் எண் 18 கிராம். ட்ரவுட் ஓடைக்கு 4, 5 போதும், கடலுக்கு 8 முதல் 10 வரை வேண்டும். ஈயக்குண்டில் ஒரே இடத்தில் இருக்கும் எடையை இங்கே முப்பது அடிக்குப் பரப்பி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, முப்பது அடிக்குப் பரந்த எடையை எப்படி எறிவது? சுமார் ஒன்பது அடி ராடைப் பின்னால் வீசுகிறோம். லைன் பின்பக்கம் பறந்து நீள்கிறது. முழுதாக நீண்டதும் முன்னால் வீசுகிறோம், வீச்சின் முடிவில் ராடைச் சட்டென்று நிறுத்துகிறோம். அந்த நிறுத்தத்தில்தான் எல்லாம் நடக்கிறது. ராடு நின்றுவிட்டது. ஆனால் லைனுக்கு வேகம் இருக்கிறது, அது நுனியைத் தாண்டி ஓடுகிறது. இப்போது லைன் இரண்டு அடுக்காகிறது. கீழடுக்கு ராடு நுனியில் கட்டுண்டு நிற்கிறது. மேலடுக்கு முன்னோக்கிப் பாய்கிறது. இரண்டையும் இணைக்கும் வளைவுக்கு லூப் என்று பெயர். மேலடுக்கு என்ன வேகத்தில் ஓடுகிறதோ அதில் பாதி வேகத்தில் லூப் முன்னேறும். லூப் முன்னேற முன்னேற மேலடுக்கு குறுகிக்கொண்டே வருகிறது. அதாவது, ஓடும் பகுதியின் எடை குறைகிறது. ஆற்றலின் பெரும்பகுதி அந்தக் குறைந்த எடைக்குள் ஒடுங்குவதால், காற்று வேகத்தைத் தின்றுகொண்டே இருந்தாலும் நுனி சோர்ந்துபோவதில்லை. சாட்டையின் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டி வெடிப்பதும் இதே இயற்பியலால்தான். பின்வீச்சு முழுதாக நீளும் முன் அவசரப்பட்டு முன்னால் இழுத்தால் ஃப்ளை லைனும் சாட்டையைப்போலச் சொடுக்கும். சத்தம் கேட்டால் ஃப்ளை அறுந்து போயிருக்கும்.

லைனின் நுனியில் லீடர் என்று ஒன்பது அடி நீளத்துக்கு ஒரு தங்கூசித் துண்டு உண்டு. கைப்பக்கம் தடித்து, ஃப்ளைப் பக்கம் மெலிந்து வரும். இது வெறுமே மீன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் தடிமன் படிப்படியாகக் குறைவதற்குக் காரணம் வேறு. லைனில் மிஞ்சியிருக்கும் ஆற்றலை அந்த லீடர் கடைசி அடி வரை கடத்தி, ஃப்ளையைப் புரட்டி நீட்டி வைக்கிறது. ஒரே தடிமனில் மெல்லிய தங்கூசியைக் கட்டினால் லைன் நீண்டுவிடும், லீடர் மட்டும் சுருண்டு குவியலாக விழும்.

மண்டபம் கடற்கரையில் ஒரு முறை நண்பர் ஒருவர் லைனை முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பெரியவர் ஒருவர், “என்ன தம்பி, மீனு தண்ணியிலல்ல கெடக்கு, காத்துல எதுக்குத் தூண்டி போடுற?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. கைத்தூண்டிலில் ஈயத்தின் முழு எடையும் முதல் வீச்சிலேயே கிடைத்துவிடும். இங்கே ராடுக்கு வெளியே எவ்வளவு லைன் இருக்கிறதோ அவ்வளவுதான் எடை. பத்தடி வெளியே இருந்தால் ராடு வளையக்கூடச் செய்யாது. ஆட்டி ஆட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக லைனை வெளியே விட்டு, எடை சேர்ந்த பிறகுதான் கடைசி வீச்சு. பெரியவரிடம் இதைச் சொன்னபோது, லைனை வாங்கி விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, “அப்ப இதுதான் ஈயம்” என்றார். இதைவிடச் சுருக்கமாக இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இனி நம் கடற்கரையின் காற்றுக்கு வருவோம். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். காற்றின் இழுவை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் லைனுக்கு எதிரே நொடிக்கு 8 மீட்டர் காற்று அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்குச் சுமார் 29 கிலோமீட்டர், இங்கே சாதாரணம். லைன் உணரும் வேகம் 28 மீட்டர். இழுவை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நீளமும் பரப்பும் உள்ள லைனுக்கு இது ஈயக்குண்டைவிடப் பல மடங்கு பாதிப்பு. இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, லூப்பைக் குறுக்குவது. ராடின் நுனி வளைவாகப் போகாமல் நேர்கோட்டில் போனால் லூப் ஒடுங்கும், காற்றில் மோதும் பரப்பும் குறையும். இன்னொன்று, ராடு வீசும்போதே மறு கையால் லைனைக் கீழ்நோக்கி வெட்டி இழுப்பது. இதில் லைனின் வேகம் கூடும். உடல்பலத்தைப் போட்டு ராடை ஓங்கினால் நடப்பது நேர்மாறு. நுனி நடுவில் தாழ்ந்து, மேலடுக்கு கீழடுக்கின் மேல் விழுந்து, லீடரில் முடிச்சு விழும். அந்தச் சின்ன முடிச்சு தங்கூசியின் வலுவை வெகுவாகக் குறைத்துவிடும். மீன் விழும் நாளில் அறுவது அங்கேதான்.

ஆனால் மூன்றாவது வைத்தியம் இந்த மாவட்டத்துக்கே உரியது. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரத்தில் நிற்பவருக்கு இரண்டு கடல் இருக்கிறது. தெற்கே ஆண் கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடா, வடக்கே பெண் கடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பகுதி. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஆண் கடல் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் தணிந்திருக்கும். வாடை தொடங்கினால் நிலைமை மாறும். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வீசுகிற கரையைத் தேர்ந்தெடுக்க இங்கே எப்போதும் வழி உண்டு.

வெயிலும் ஒரு விஷயம். குளிர் ஓடைக்காகச் செய்த லைனை இங்கே கொண்டுவந்தால் பூச்சு இளகி, தொய்ந்து, ராடின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். வெப்பக் கடலுக்கான லைன்களில் பூச்சும் விறைப்பாக இருக்கும், உள்நூலும் விறைப்பான நைலானாக இருக்கும். அதே லைனை நீலகிரிக்குக் கொண்டுபோனால் ரீலில் சுற்றிய சுருள் சுருளாகவே நிற்கும். முதன்முதலில் வாங்குபவர்கள் ராடுக்குச் செலவழித்துவிட்டு லைனில் சிக்கனம் பிடிக்கிறார்கள். நான் எதிர்ப்பக்கம்தான் சொல்வேன். எறியப்படும் பொருள் லைன்தானே.

ஃப்ளை கட்டுவதில் எனக்குத் தீராத வியப்பு மயிலிறகு. ராமநாதபுரத்துக் கருவேலங்காட்டில் உதிர்ந்து கிடக்கும் இறகில் ஒரே ஒரு இழையை உருவி, முள்ளின் தண்டில் நெருக்கிச் சுற்றிப் பாருங்கள். இழையில் கிளைத்திருக்கும் நுண்மயிர்கள் எழும்பி நின்று, பச்சையும் செம்பும் கலந்து மின்னும். அந்தப் பச்சையில் பச்சைச் சாயம் எதுவும் இல்லை. நுண்மயிருக்குள் மெலனின் குச்சிகள் மில்லிமீட்டரில் 6,000-ல் ஒரு பங்குக்கும் குறைந்த இடைவெளியில் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. அந்த இடைவெளிக்குப் பொருந்தும் நிறம் மட்டும் வலுவாகத் திரும்பி வருகிறது. கோணம் மாறினால் மினுக்கமும் மாறும். நீரில் அசையும் பூச்சியின் மேலோடும் அப்படித்தான் மினுங்கும். நூறாண்டுகளுக்கு மேலாக மேலை நாட்டு ஓடைகளில் மயிலிழை சுற்றிய ஃப்ளைகள் பயன்படுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தானாக உதிர்ந்த இறகு தவிர வேறு எதையும் தொடக் கூடாது. மயில் நம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் பறவை.

மிதக்கும் ஃப்ளைக்குச் சேவல் கழுத்து இறகு. அதன் விறைத்த நுனிகள் நீரின் மேற்பரப்பைக் கிழிக்காமல் அதன் மேல் நிற்கும். ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு எடையுள்ள ஃப்ளையைத் தாங்க, பரப்பு இழுவிசைக்கு ஏழு மில்லிமீட்டர் தொடுநீளம் கிடைத்தாலே போதும். கடலில் இந்த வகைக்கு வேலை இல்லை. அலை ஒரு நொடியில் நனைத்துவிடும், பூச்சி தின்ன மேலே வரும் மீனும் அங்கே இல்லை. பாறை, ஊளி, கொடுவா மீன்கள் எல்லாம் சின்ன மீனைத் துரத்துபவை. ஆகவே கடல் ஃப்ளை என்பது நீண்ட வெள்ளை மயிரும் மினுக்கு நாரும் கட்டிய ஒரு நெத்திலி. தலைப்பக்கம் ரெண்டு உலோகக் கண் வைத்துக் கட்டுவார்கள். லைனை இழுத்தால் முன்னேறும், இழுப்பை நிறுத்தினால் தலை குப்புற இறங்கும். அடிபட்ட மீன் அப்படித்தான் போகும். ஊளிக்குக் கட்டினால் ஃப்ளைக்கு முன்னால் ஒரு சாண் ஸ்டீல் கம்பி கட்டாயம், அதன் பல் எந்தத் தங்கூசியையும் வெட்டிவிடும்.

மீன் கவ்வியதும் ஓடைப் பழக்கத்தில் ராடைத் தூக்கினால் கடலில் மீன் கிடைக்காது. ராடு வளைந்து விசையை உறிஞ்சிக்கொள்ளும், கெட்டியான வாயில் முள் இறங்காது. ராடை நீருக்கு நேராக நீட்டி வைத்தபடியே கையால் லைனை வெட்டி இழுக்க வேண்டும்.

இப்போது நன்னீருக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் பழகத் தொடங்க ஏற்ற இடம் கடல் அல்ல, கண்மாய் என்பது என் எண்ணம். கண்மாயில் விரால் இருக்கிறது. அது காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆக வேண்டிய மீன். தவளையை விடாது. மான் மயிர் போன்ற உள்ளே காற்றறை உள்ள மயிரை முள்ளில் நெருக்கிக் கட்டி, தவளை உருவில் கத்தரித்தால் நாள் முழுக்க மிதக்கும். அல்லிக் கொடிகளுக்கு நடுவே அதைத் தளுக் தளுக்கென்று இழுத்தால் எழும் அதிர்வை விரால் தன் உடலின் பக்கக் கோட்டு உணர்வுறுப்பால் அறியும். கலங்கிய தண்ணீரிலும் திசை தவறாமல் வரும். சிவப்புக் குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தால் அந்தப் பக்கம் எறியாதீர்கள். கீழே தாய் தகப்பன் காவல் நிற்கும், அவற்றைப் பிடித்தால் கூட்டம் முழுதும் போய்விடும்.

தெளிந்த தண்ணீர் என்றால் மீனின் பார்வையைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், மேலுலகம் முழுவதும் மீனுக்குத் தலைக்கு மேல் சுமார் 97 பாகை கொண்ட ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் தெரியும். ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த ஜன்னலின் விட்டம் ஏறத்தாழ 2.3 மீட்டர். அதற்கு வெளியே நீரின் மேற்பரப்பு அடித்தரையைக் காட்டும் கண்ணாடி. தூரத்தில் நிற்கும் மனிதன் ஜன்னலின் ஓரத்தில் நசுங்கித் தெரிவான். கரையில் குந்தி உட்கார்ந்து வீசுபவன் ஏறத்தாழ மறைந்தே போவான். கண்மாய்க் கரைமேட்டில் நெட்டையாக நின்று வீசுவதுதான் மோசம்.

கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை கண்மாய்கள் பறவைகள் சரணாலயங்கள், அங்கே தூண்டிலோடு போகவே கூடாது. அறுந்து கிடக்கும் ஒரு முழம் தங்கூசி நாரையின் காலைச் சுற்றினால் அதோடு அது முடிந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் தேசியப் பூங்காவிலும் மீன்பிடிக்கத் தடை. முள்ளில் பின்நோக்கி நிற்கும் சிறு கூர்முனையை இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீனைக் காயமின்றித் திரும்ப விடலாம், உங்கள் காதில் குத்தினாலும் சுலபமாக எடுக்கலாம். காற்றில் இது நடக்கும், ஆகவே தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரங்களுக்குத் தண்ணீரே வேண்டாம். முள்ளுக்குப் பதில் லீடர் நுனியில் ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டி, காலையில் காற்று எழும்பும் முன், புல் தரையில் வீசிப் பழகலாம். பின்வீச்சைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீசுங்கள். லைன் முழுதாக நீண்டு, கையில் லேசான இழுப்பு தெரியும். அந்த நொடியில் முன்னால் வீச வேண்டும்.