காற்றாலையில் கயிறு, கீழே அரளித் தோட்டம்

"கிரேன் வருமா மக்களே?"

கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை வேலைக்குப் போய் இறங்கினால் தோட்டக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். "இல்ல பாட்டா, கயிறுதான்" என்றதும் முகம் தெளிந்துவிடும். அவர்கள் பயம் நியாயமானது. பெரிய கிரேன் உள்ளே வர வேண்டுமானால் வரப்பை வெட்டி, ஜல்லி கொட்டிப் பாதை போட வேண்டும். அது நிற்கிற இடத்தை இறுக்கிக் கெட்டிப்படுத்த வேண்டும். கிரேன் நாலு நாளில் போய்விடும். இறுகிப்போன மண்ணில் தண்ணீர் இறங்காது, வேர் ஓடாது. தோவாளைச் சந்தைக்குப் பிச்சியும் அரளியும் அனுப்புகிறவருக்கு அது சின்ன இழப்பா?

கயிற்றில் தொங்கிப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆளுக்கு இரண்டு கயிறு. ஒன்றில் இறங்குவோம், அது கைவிட்டால் மற்றது தாங்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பிடிமானம். முப்பந்தல் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை காற்றுக்காலம், இறக்கைப் பக்கமே போக முடியாது. மற்ற மாதங்களிலும் நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் நாங்கள் கீழே வந்துவிடுவோம்.

தூசியும் மழைத்துளியும் மோதி மோதி இறக்கையின் முன்விளிம்பு அரித்துப்போகும். தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். அப்புறம் அதே காற்றில் மின்சாரம் குறைவாகத்தான் கிடைக்கும். சுழலியை நிறுத்திப் பூட்டி, ஒரு இறக்கையை நேர் கீழாக நிறுத்தி, மேலிருந்து கயிற்றில் இறங்கித் தேய்த்து, பட்டி பார்த்து, பூச்சு அடிப்போம். இதற்கான சாமான் மொத்தமும் ஒரு ஜீப்பில் அடங்கும். கிரேன் என்றால் அதன் எடைக்கட்டிகளைச் சுமந்துவரவே தனி லாரிகள் வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கியர்பாக்ஸை மாற்ற வேண்டும் என்றால் கிரேன்தான். எல்லாவற்றுக்கும் கயிறு போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, கயிறு என்றாலே சுத்தம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். ஒருநாள் சாயங்காலம் இறங்கி வந்தபோது கீழே தோட்டக்காரர் உள்ளங்கையை நீட்டினார். அரளி மொட்டுகளுக்கு நடுவிலிருந்து பொறுக்கிய வெள்ளைச் செதில்கள். "இது என்னது மக்களே?" நான் தேய்த்த பூச்சுதான் அது. கூடவே கண்ணாடி இழைத் தூசியும் இருந்திருக்கும், அது மக்காது. எனக்குப் பேச்சு வரவில்லை. மழை பெய்தால் அது ஓடைக்குப் போகும், நம் மாவட்டத்தில் ஓடை ஏதாவது ஒரு குளத்தில்தான் போய்ச் சேரும். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022-இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியவை என்று பெருமை பேசுகிறோம் அல்லவா?

அன்றிலிருந்து தூசியை உறிஞ்சும் பை மாட்டிய தேய்ப்பு இயந்திரம் (கிரைண்டர்) இல்லாமல் எங்கள் குழு மேலே ஏறுவதில்லை. கீழே தார்ப்பாயும் விரிப்போம். கோபுரத்தில் வழிந்த எண்ணெயையும் சோப்புத் தண்ணீர் அடித்துக் கழுவுவதில்லை; கழுவினால் அழுக்கு மண்ணுக்குத்தானே போகும்? துணியால் துடைத்து மூட்டை கட்டுவோம். அந்தத் துணி 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. வேலை முடிந்ததும் அதைத் தோட்டத்து மூலையில் கொளுத்திவிட்டுப் போகிற குழுக்களையும் பார்த்திருக்கிறேன். காற்றாலை வைத்திருப்பவர்கள் ஒப்பந்தம் போடும்போதே "தூசிப் பையும் எண்ணெய்த் துணியும் எங்கே போகும்?" என்று கேட்டுவிடுங்கள்.

அதே தோட்டத்துக்கு இந்த வருஷமும் போனோம். பாட்டா தூசிப் பையைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இம்புட்டும் அன்னைக்கு எந் தோட்டத்துலயா விழுந்துது?"